மருந்து யன்னலிலிருந்து தொடங்கும் மனநலப் பாடம்

மருந்தாளர் மாணவர்களுக்கு மனநலத்தில் இணையவழித் தெரிவுப் பாடம் என்றதும், பலர் நோய்ப் பெயர்களை வாரத்துக்கு ஒன்றாக அடுக்கிவிடுவார்கள். பேராதனையிலோ திறந்த பல்கலைக்கழகத்திலோ படித்து நாளை ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் வேலைக்கு வரப்போகிறவருக்கு அது போதாது. மருந்து யன்னலுக்கு வெளியே நிற்பவரிடம் என்ன கேட்பது, என்ன சொல்வது என்பதை முதலில் எழுதுங்கள். பாடத்தை அதற்கேற்ப அமைக்கலாம்.

நான்கைந்து சந்தர்ப்பங்கள் போதும். ஒன்று: லித்தியம் குடிக்கும் கொழுந்து பறிக்கும் பெண், முதுகுவலிக்கு டவுன் பாமசியில் டைக்ளோஃபெனாக் கேட்கிறார். அந்த வலிமாத்திரை இரத்தத்தில் லித்தியத்தைக் கூட்டும். வாந்தியும் வயிற்றோட்டமும் வந்தாலும் லித்தியம் கூடும். கை நடுக்கம் அதிகரித்தால், நடை தள்ளாடினால் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சோதிக்க வேண்டும். “அம்மா, வேற என்ன மருந்து குடிக்கிறீங்க?” என்ற ஒரு கேள்வியை மாணவர் பழகிவிட்டாலே பாதிப் பாடம் முடிந்தது. இன்னொன்று: ஃபுளுவொக்செட்டின் தொடங்கிப் பத்து நாளில் “ஒன்னும் வித்தியாசமில்ல” என்று நிறுத்துபவர். பலன் தெரிய சில வாரமாகும் என்று முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். இரவில் அமிட்ரிப்டிலின் குடிப்பவர் காலையில் தூக்கக் கலக்கத்தோடு வழுக்கும் சரிவில் மலை ஏறுவதையும் சேருங்கள்.

“மனச்சோர்வு” என்று யாரும் வந்து சொல்வதில்லை. “நெஞ்சு படபடங்குது, ராவுல தூக்கமே இல்ல” என்பார்கள். இப்படிப்பட்ட பேச்சைத் தமிழ் மாணவர்கள் பதிவு செய்து கொடுக்க, சிங்கள மாணவர்கள் கேட்டுப் பழகட்டும்.

பாடத்தை மூடில் (Moodle) இணையத் தளத்தில் ஏற்றுங்கள், ஆனால் நீண்ட வீடியோ வேண்டாம். பத்து நிமிட ஒலிப்பதிவும் இறக்கி வைத்துப் படிக்கும் குறிப்பும் லயத்து வீட்டுச் சிக்னலுக்குத் தாங்கும். நேரலை வகுப்புக்கு வர முடியாதவரின் புள்ளியைக் குறைக்காதீர்கள்.

தற்கொலைத் தடுப்புக்குத் தனி வாரம் ஒதுக்குங்கள். 1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்குச் சுமார் 47 என்றிருந்த தற்கொலை வீதம், கொடிய பூச்சிகொல்லிகளும் களைகொல்லிகளும் தடைசெய்யப்பட்டதால் பெருமளவு குறைந்தது. பரகுவாட் என்ற களைகொல்லியும் 2008–2011இல் படிப்படியாக நிறுத்தப்பட்டது. நஞ்சு கைக்கெட்டாதபோது உயிர் தப்புகிறது. மருந்துக்கும் இதே கணக்குத்தான்: ஆபத்திலுள்ளவருக்கு மாத மருந்தை மொத்தமாகக் கொடுக்காமல், வைத்தியரிடம் பேசி வாரம் வாரம் கொடுக்கலாம். ஆனால் வாராவாரம் வந்தால் தோட்டத் தொழிலாளிக்கு ஒரு நாள் சம்பளம் போகும். அப்படியானால் நோயாளியின் சம்மதத்தோடு வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைக்கலாமா? மாணவர்கள் இதை விவாதிக்கட்டும். “சாகணும்னு தோணுதா?” என்று நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது என்பதையும், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் மறக்காமல் கற்பியுங்கள்.

பரீட்சைக்கு ஐந்து நிமிடத் தொலைபேசி உரையாடல்: ஒருவர் நோயாளி, ஒருவர் மருந்தாளர். கேட்டது, கேட்காமல் விட்டது, யாரிடம் அனுப்பியது ஆகியவற்றுக்குப் புள்ளி. மாணவரின் சொந்த மனக் கஷ்டத்தை எழுதச் சொல்லிப் புள்ளி போடும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

வெளியிடுமுன் சந்தர்ப்பங்களை ஒரு மனநல வைத்தியரிடமும், தோட்ட டிஸ்பென்சரியில் வேலை செய்யும் ஒருவரிடமும் காட்டுங்கள். “இப்படி யாரும் பேச மாட்டாங்க” என்று இரண்டாமவர் சொல்லும் வரிகளை அப்போதே மாற்றிவிடுங்கள்.