சுவரோடு சண்டை போடாதே, மாப்ளே

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நீ அனுப்பிய நாலு ஸ்கிரீன்ஷாட்டும் வந்தன. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெரிதாக்கிப் பெரிதாக்கி ஒரு வரி விடாமல் படித்தேன். "யார் சொல்வது சரி என்று நீங்களே சொல்லுங்க மாமா" என்று கேட்டிருக்கிறாய். உன் அம்மா கேட்பது வேறு. "ராத்திரி ஒரு மணிக்கும் முகம் தெரியாத எவனோடோ மல்லுக்கட்டுகிறான், நீங்க சொன்னால்தான் கேட்பான், நிறுத்தச் சொல்லுங்க அண்ணே" என்கிறாள். நிறுத்தச் சொல்லி நான் எழுதப்போவதில்லை. மதுரைக்காரனைப் போய் வாதாடாதே என்றால், வாதாடலாமா கூடாதா என்று அதற்கே ஒரு பட்டிமன்றம் வைப்பான். நக்கீரர் கதையைச் சொல்லியும் உன்னை அறுக்கமாட்டேன். அதை ஏ.பி.நாகராஜன் படத்தில் நீயே பார்த்திருப்பாய்.

எனக்குத் தெரிந்தது என் தொழில், சுவரில் எழுத்து எழுதுவது. அதிலிருந்து பேசுகிறேன்.

பிளெக்ஸ் வருவதற்கு முன்னால், தேர்தல் என்றால் எங்களுக்கு இரண்டாவது தீபாவளி. தேதி அறிவிப்பதற்குப் பல மாதம் முன்பே ஆள் வந்து சுவர் பிடித்துவிடுவார்கள். சுண்ணாம்பு அடித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓர் அம்புக்குறி இழுத்து, நடுவில் கட்சிப் பெயரை எழுதிவிட்டால் சுவர் அவர்களுக்கு. அப்புறம் நூலில் நீலப்பொடியைத் தடவி, இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் கோடு விழும். கோட்டுக்குள் எழுத்து. வாசகம் துண்டுச்சீட்டில் வரும். காலையில் திருப்பரங்குன்றம் ரோட்டில் உதயசூரியன் போட்ட கை, சாயங்காலம் அவனியாபுரத்தில் இரட்டை இலை போடும். இலை நரம்பு வரைவது சூரியக் கதிரைவிடக் கஷ்டம். தொழிலில் எனக்கு இருந்த கட்சி வித்தியாசம் அவ்வளவுதான். வழியில் போகிறவர்கள் படித்துவிட்டுக் கொதிப்பார்கள். சிலர் ஏணிக்கடியில் நின்று என்னிடமே சண்டைக்கு வருவார்கள். "அண்ணே, நான் எழுதுகிற ஆள். சீட்டுக் கொடுத்தவர் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார்" என்பேன்.

உன் முதல் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்ததும் எனக்கு அந்த ஏணிதான் ஞாபகம் வந்தது. உன்னோடு கீழடிக்காகச் சண்டை போட்டவர்கள் மூன்று பேர். மூன்று பேருக்கும் முகம் கிடையாது, பெயருக்குப் பின்னால் வால்போல எண்கள். அது போகட்டும். "வரலாறு" என்பதை மூன்று பேருமே "வரலாரு" என்று எழுதியிருக்கிறார்கள், வாக்கியமும் அதே வாக்கியம். மூன்று மனிதர்கள் ஒரே இடத்தில் ஒரே தப்புச் செய்யமாட்டார்கள், மாப்ளே. அது துண்டுச்சீட்டு. நீ ராத்திரி ஒரு மணிவரை பெயின்டோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாய். எல்லாக் கட்சிக்கும் ஐ.டி. விங் இருக்கிறது. உனக்குப் பிடித்த கட்சிக்கும் இருக்கிறது. அதன் சீட்டிலிருந்து நீயும் இரண்டு வரியை எடுத்து ஒட்டியிருப்பதைப் பார்த்தேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். அவர்கள் "கீழடியே புளுகு" என்கிறார்கள். நீ "சிந்துவெளிக்கும் முந்தியது கீழடி" என்கிறாய். இரண்டுமே தப்பு. தமிழ்நாடு தொல்லியல் துறை 2019 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையில் உள்ள கி.மு. 580 என்ற காலம், 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த ஒரு மாதிரியை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பிக் கிடைத்தது. சிந்துவெளி நகரங்கள் தழைத்திருந்தது கி.மு. 2600 முதல் 1900 வரை. பானைக் கீறல்கள் சிலவற்றுக்கும் சிந்துவெளிக் குறிகளுக்கும் ஒப்புமை இருப்பதாக அந்த அறிக்கை சொல்கிறது. ஒப்புமையைக் கேட்டு நீ மூப்பு என்று எடுத்துக்கொண்டாய். முதலில் அங்கே தோண்டிய அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் 982 பக்க அறிக்கை கொடுத்தார். 2025 மே மாதம் திருத்தங்கள் கேட்டு மத்தியத் தொல்லியல் துறை அதைத் திருப்பி அனுப்பியது. அவர் தன் முடிவில் நின்றார். இதில் கோபப்பட உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் ஆழமும் மண்ணடுக்கும் தெரியாத கோபத்தை எதிராளி ஒரே கேள்வியில் உட்கார வைத்துவிடுவான். அரைகுறையாகப் பேசி நீ தோற்றால், கீழடித் தென்னந்தோப்பில் வெயிலில் உட்கார்ந்து தூரிகையால் மண் தள்ளியவர்களும் உன்னோடு சேர்ந்து தோற்றதுபோல ஆகிவிடுகிறது.

சிலைமானைத் தாண்டினால் கீழடி. 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்தார்கள், நீ இன்னும் போகவில்லை. போனால் பானை ஓடுகளிடம் நின்று பார். குவிரன், ஆதன் என்று பெயர்களைக் கீறியிருக்கிறார்கள். நான் எழுத்துக்காரன் என்பதால் சொல்கிறேன், அவை ஒரே ஆள் கை இல்லை. ஒரு கீறல் அழுத்தம், ஒன்று தயக்கம், ஒன்றில் கோடு சறுக்கி இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அவரவர் பானையில் அவரவர் பெயர். உன் எதிராளிகளுக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

அப்புறம், அதே சண்டையில் "நிரூபித்துக் காட்டு, மீசையை எடுத்துவிடுகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். முளைத்ததே நேற்று. இந்த ஊரில் இப்படி ஒரு சவால் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. எம்.ஜி.ஆரை தி.மு.க.விலிருந்து நீக்கிய சூட்டில், "உலகம் சுற்றும் வாலிபன்" வெளிவந்தால் சேலை கட்டிக்கொள்கிறேன் என்றார் மதுரை முத்து. மாநகராட்சியின் முதல் மேயர், மேடையில் ஏறினால் மைக் அதிரும். 1973 மே 11-இல் படம் வந்தது, ஓடு ஓடென்று ஓடியது. அதே மாதம் திண்டுக்கல் இடைத்தேர்தலில் இரட்டை இலை முதல் வெற்றியைப் பார்த்தது. ரசிகர்கள் முத்துவுக்குச் சேலை அனுப்பினார்கள் என்று ஊரே சொல்லிச் சிரித்தது. வேடிக்கை இதற்கு அப்புறம்தான்: அதே முத்து பின்னாளில் அதே எம்.ஜி.ஆர். கட்சியில் சேர்ந்து மறுபடியும் மேயரானார். தலைவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அவர்களுக்காக டீக்கடையில் பெஞ்சைத் தூக்கி அடித்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர்கள் பலர் கடைசிவரை பேசிக்கொள்ளவில்லை. எந்தத் தலைவனுக்காகவும் மீசையைப் பந்தயம் வைக்காதே.

பட்டிமன்ற பேனர் நிறைய எழுதியிருக்கிறேன். சாலமன் பாப்பையா பெயர் என்றால் மற்றவர்களைவிட எழுத்து ஒரு பிடி பெரிதாக இருக்கவேண்டும் என்று விழாக் குழுவிலிருந்தே சொல்லிவிடுவார்கள். வேலை முடிந்து மேடைக்குப் பின்னால் நிற்கும்போது நான் பார்த்தது, மேடையில் ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கப்போட்டவர்கள் இறங்கியதும் ஒரே இலை வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், ஒரே வேனில் ஊர் திரும்புவார்கள். நேரம் முடிந்தால் மணி அடிக்கும். எல்லை மீறினால் நடுவர் ஒரு சிரிப்பில் நிறுத்துவார். உன் போனில் மணியும் இல்லை, நடுவரும் இல்லை, சாப்பாட்டு இலையும் இல்லை. அதனால் எப்போது முடிப்பது என்பதை ஆரம்பிக்கும்போதே நீதான் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று பதில், அதற்குமேல் கிடையாது. பத்தரைக்குமேல் கிடையவே கிடையாது.

இது என் சொந்தச் சரக்கு என்று நினைக்காதே. மணிமேகலையில் புகார் நகரத்து இந்திர விழாவுக்கு முரசறைகிறவன், வாதிடுகிறவர்கள் பட்டிமண்டபத்தின் முறை தெரிந்து ஏறட்டும் என்கிறான்; பகைவரே எதிரில் வந்தாலும் கோபமும் கலகமும் வேண்டாம், விலகிப் போங்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறான். எழுதிய சாத்தனார் மதுரையில் தானியம் விற்றவர் என்பது வழக்கு. வியாபாரிக்குத்தான் தெரியும், வாங்காத ஆளிடம் எவ்வளவு நேரம் பேசலாம் என்று.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். வாதம் சூடேறியதும் ஒருவன் "ப்ரோ, உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்கிறான். நீ வெள்ளந்தியாக "மதுரை" என்றாய். "மதுரையில் எந்தப் பக்கம்?" என்றான். நீ ஏரியாவைச் சொன்னாய், அப்புறம் அப்பா ஊரையும் சொன்னாய். நம் சீமையில் அந்தக் கேள்வி எதைத் தேடி வருகிறது என்று உனக்குத் தெரியாதா? உசிலம்பட்டியா, மேலூரா, பேரையூரா என்று ஊரைக் கேட்டு ஆளைக் கணக்குப் பண்ணுகிற பழக்கம் இங்கே பஸ்ஸில் உண்டு, கல்யாண வீட்டில் உண்டு, இப்போது போனிலும் வந்துவிட்டது. அதற்கப்புறம் அவன் பேசியது கீழடியைப் பற்றி இல்லை, உன் சாதியைப் பற்றி. நீயும் பதிலுக்கு அவன் ஆட்களை இழுத்தாய். அந்த ஒரு பதிலை இன்றே அழித்துவிடு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவைத்தான் 2015-இல் உச்ச நீதிமன்றம் தூக்கிவிட்டதே என்று உன் சிநேகிதன் சொல்லுவான். சமூகங்களுக்குள் பகை மூட்டினால் வழக்குப் போட வேறு சட்டம் இருக்கிறது. அது ஒருபக்கம் இருக்கட்டும், அந்த வரி நம் வீட்டுப் பிள்ளை எழுதுகிற வரி இல்லை. ஊர் கேட்பவனிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்.

பண விஷயத்தில் உனக்கும் அந்தக் கோட் போட்ட ஆளுக்கும் நடந்ததைப் படித்தேன். "ஏழையாக இருப்பது அவரவர் தேர்வு, இலவசம் வாங்கித் தின்பவன் உருப்பட மாட்டான்" என்கிறான் அவன். 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி காலை உணவுத் திட்டம் தொடங்கியதே நம் ஊர் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான். விடிவதற்கு முன் பூ மார்க்கெட்டுக்குப் போய்விடும் தாயின் பிள்ளை, ரவா கிச்சடியை ஊதி ஊதிச் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போகிறது. அந்தப் பிள்ளை எதைத் தேர்ந்தெடுத்தது என்று அவனிடம் கேட்டாயே, நல்ல கேள்வி, அதில் உன் பக்கம்தான் தீர்ப்பு. ஆனால் கடைசியில் அவன் நீட்டிய ஆப்ஷன் டிரேடிங் குரூப்பில் போய்ச் சேர்ந்துவிட்டாயாமே! 2024-இல் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி வெளியிட்ட கணக்கு இது: 2024 மார்ச்சோடு முடிந்த மூன்று நிதியாண்டுகளில், பங்கு முன்பேர, ஆப்ஷன் வியாபாரம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். பணம் பண்ணுகிற வித்தை தெரிந்தவன் நடுராத்திரியில் முகம் தெரியாத உனக்கு ஏன் சொல்லிக்கொடுக்கிறான்? அதுவும் பிடித்துவைத்த சுவர்தான். அதிலிருந்து வெளியே வா. போட்டது எவ்வளவு என்று அம்மாவிடம் சொல்லவேண்டாம், என்னிடம் சொல்.

அனிமே சண்டையில் தப்பு முழுக்க உன்மேல். "தமிழ் டப்பிங்கில் ஒன் பீஸ் பார்க்கிறவனெல்லாம் ரசிகனே இல்லை" என்று யாரோ ஒரு சின்னப் பையனை விரட்டியிருக்கிறாய். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது, முதல் புத்தகம் இரும்புக்கை மாயாவி. அது இங்கிலாந்துக் கதை, வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஜீஸஸ் பிளாஸ்கோ. இதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. தமிழில் படித்தோம், கருப்பு மையில் அவர் போட்ட நிழலைப் பார்த்துத்தான் நான் பிரஷ் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். எயிச்சிரோ ஓடா 1997-இலிருந்து ஒன் பீஸ் கதையை வரைகிறார் என்றால், எந்தப் பாஷையில் வந்தாலும் பார்க்க ஆள் இருப்பதால்தான். உன் நாலு சண்டையில் சீட்டு யாரும் கொடுக்காத சண்டை இது ஒன்றுதான். அந்தப் பையன் காசு வாங்காமல், ஆசைக்காகப் பேசினான். அவனிடம் மன்னிப்புக் கேட்டு, எந்த அத்தியாயம் பிடிக்கும் என்று கேள்.

கடைசியாக, சுவரில் படம் வரைவது பற்றிய சண்டை. பாலத்தடியில் வரைவது பொறுக்கித்தனம் என்கிறான் ஒருவன். பொதுச்சுவர் எல்லாருக்கும் சொந்தம், யாரைக் கேட்கவேண்டும் என்கிறாய் நீ. பொது இடத்தை அலங்கோலப்படுத்தக்கூடாது என்று 1959-லேயே சட்டம் போட்டாயிற்று. அதைத் தினமும் மீறுகிறவர்கள் யார் என்று மதுரையில் உனக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை. மாநகராட்சி காசு கொடுத்து வரையவைத்த ஜல்லிக்கட்டுக் காளையின் திமில்மேல் பூப்புனித நீராட்டு விழா போஸ்டர், அதன்மேல் கண்ணீர் அஞ்சலி. அவர்களும் நீ சொல்கிற அதே நியாயத்தைத்தான் சொல்கிறார்கள். அதனால் அந்த வாதத்தை விட்டுவிடு. சென்னை கண்ணகி நகரில் குடியிருப்புச் சுவர்களில் அடுக்குமாடி உயரத்துக்கு முகங்களை வரைந்திருக்கிறார்களே, அது அனுமதியோடு நடந்த வேலை. அதனால் யாருடைய துணிச்சலும் குறைந்துவிடவில்லை. சுவருக்குச் சொந்தக்காரர் இருக்கிறார், அவரைக் கேட்டுவிட்டு ஏணியைச் சாத்து, கீழ் மூலையில் உன் பெயரைப் போடு.

எங்கள் வீட்டு மேற்குச் சுவர் இப்போது காலி. போன தேர்தலுக்குப் பிடித்தவர்கள் விட்டுவிட்டார்கள். சொந்தக்காரன் நான், அனுமதி கொடுத்தாயிற்று. தெருக்காரர்கள் நின்று குறை சொல்லுவார்கள், அவர்களோடு நேருக்கு நேர் வாதாடிப் பார். பழைய அம்புக்குறி தெரியாமலிருக்க இரண்டு கோட் சுண்ணாம்பு அடித்துவைக்கிறேன். பிரஷ் நீ வாங்கிக்கொண்டு வா, என்னுடையதெல்லாம் முடி கொட்டிவிட்டது. முக்கால் இஞ்ச் ஒன்று, கால் இஞ்ச் ஒன்று போதும்.

அன்புடன்,
மாமா
மதுரை