ஐந்து ஊசிகள்

மரப்பலகையில் பைன் கிளை வரையத் தொடங்கிய முதல் குளிர்காலத்தில் நான் வரைந்ததெல்லாம் தென்னை ஓலைதான். பார்த்தவர்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை. பச்சை நிறம், நடுவில் தண்டு, ஓரத்தில் சிவப்புப் பழம், அதுவும் டிசம்பர் மாதம் என்றால் கண் தானாகவே பைன் என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் எனக்குத் தெரிந்தது. மட்டையின் இருபுறமும் ஓலை வரிசை கட்டி நிற்பதுபோல ஊசிகளை அடுக்கியிருந்தேன். பொள்ளாச்சிப் பக்கம் தோப்புக்குள் வளர்ந்தவள் நான். என் கைக்கு அந்த ஒழுங்குதான் பழக்கம்.

டொராண்டோவில் நவம்பர் முடியும்போது வாசல் தொட்டிகளிலும் கதவுகளிலும் பைன், சீடர், ஸ்புரூஸ் கிளைகளைச் செருகி வைப்பார்கள். வெட்டிய கிளை நாளாக ஆகக் காய்ந்து கொட்டிவிடும். கொட்டாத கிளை ஒன்று வேண்டும் என்றுதான் பலகையும் அக்ரிலிக்கும் வாங்கினேன்.

காற்று பலமாக அடித்த ஒரு நாளுக்கு மறுநாள், நடைபாதையில் ஒரு வெண்பைன் கிளை விழுந்து கிடந்தது. எடுத்து வந்து மேசை விளக்கடியில் வைத்தேன். ஊசிகள் இருபுறமும் வரிசையாக இல்லை. ஒரே புள்ளியிலிருந்து கொத்தாகப் புறப்படுகின்றன. எந்தக் கொத்தை எண்ணினாலும் ஐந்து. நுனியில் கொத்துகள் நெருங்கியிருக்கின்றன, பின்னால் போகப் போகத் தண்டு வெறுமையாகிவிடுகிறது. ஒவ்வொரு ஊசியிலும் மயிரிழையாக வெள்ளைக் கோடு ஓடுகிறது. மரம் தூரத்தில் நீலம் பாய்ந்த பச்சையாகத் தெரிவது அதனால்தான். 1984 முதல் ஒன்டாரியோ மாகாணத்தின் மரம் இது. இதன் அடியில்தான் நான் தினமும் பஸ்ஸுக்கு நின்றேன்; ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து கையில் கிளை இல்லாமல் வரைவதில்லை. செம்பைனில் கொத்துக்கு இரண்டு ஊசி. ஸ்புரூஸில் கொத்தே கிடையாது, ஊசிகள் தனித்தனியாகத் தண்டைச் சுற்றி நிற்கும். விரல்களுக்கிடையில் உருட்டினால் உருளும். பால்சம் ஃபிர் ஊசி தட்டை, உருளாது. ஸ்புரூஸின் கூம்பு தொங்கும், ஃபிரின் கூம்பு மெழுகுவத்தி போல நிமிர்ந்து நிற்கும். இவ்வளவு தெரிந்தாலே பாதி ஓவியம் சரியாகிவிடும்.

மீதிப் பாதி, இருட்டை முதலில் வைப்பது. புதிதாக வரைபவர்கள் புட்டியில் இருக்கும் பச்சையை அப்படியே தொட்டு வரைவார்கள், நானும் வரைந்தேன். அது பிளாஸ்டிக் செடியின் பச்சை. பச்சையோடு ஒரு துளி சிவப்பு சேர்த்தால் அதன் பளபளப்பு அடங்கும், இன்னும் கொஞ்சம் கறுப்பு சேர்த்தால் மரத்தின் உள்நிழல் கிடைக்கும். முதல் சுற்று முழுக்க அந்த இருண்ட நிறத்தில்தான். அது காய்ந்த பிறகு நடுத்தரப் பச்சையில் கொஞ்சம் குறைவாக இரண்டாவது சுற்று. கடைசியாக, வெள்ளையும் நீலமும் கலந்த வெளிர்பச்சையில் கொத்துக்கு ஒன்றிரண்டு ஊசி மட்டும். மூன்றாவது சுற்றில்தான் கிளை பலகையை விட்டு எழுந்து வரும். அந்த மகிழ்ச்சியில் கை நிற்காது, இன்னும் நாலு ஊசி போடத் தோன்றும். அங்கே நிறுத்தியாக வேண்டும். வெளிச்சம் அதிகமானால் ஆழம் போய்விடும்.

ஊசிக்கு நீளமுடி உள்ள மெல்லிய லைனர் பிரஷ் வேண்டும். பெயிண்டை மை பதத்துக்குத் தண்ணீர் விட்டுக் கரைக்க வேண்டும். பதம் கெட்டியானால் கோடு பாதியில் அறுந்துபோகும். நீர்த்துப்போனால் பலகையின் நார்களுக்குள் பரவும். பிரஷைப் பெயிண்டில் உருட்டி எடுத்தால் முனை கூர்மையாகும். பிரஷைச் செங்குத்தாகப் பிடித்து, தண்டில் லேசாக அழுத்தி, வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டே தூக்குங்கள். விரலை மட்டும் அசைத்தால் கோடு குட்டையாக நடுங்கும்; முழங்கையிலிருந்து இழுக்க வேண்டும்.

ஈரமாக இருக்கும்போது அக்ரிலிக் கொஞ்சம் வெளிறித் தெரியும். அதிலிருக்கும் பால் போன்ற பசை காயும்போது தெளிந்துவிடுவதால் நிறம் அடர்ந்துபோகும். அதனால் கலந்த நிறத்தை ஒரு துண்டுப் பலகையில் தடவி, காய்ந்த பிறகு பார்த்துவிட்டே முடிவு செய்கிறேன்.

பலகை விஷயத்தில் பட்ட பாடு பெரிது. கணு உள்ள பைன் பலகையில் வெள்ளைப் பின்னணி அடித்துப் பனிக்காட்சி வரைந்தேன். இரண்டு மாதத்தில் பனியின் நடுவே காசு அளவுக்கு மஞ்சள் வட்டம் தோன்றிவிட்டது. கணுவிலிருந்து கசியும் பிசினை அக்ரிலிக் தடுக்காது. மேலே எத்தனை கோட் அடித்தாலும் மறுபடி வரும். ஷெல்லாக் ப்ரைமர்தான் அதை அடக்கும். ஷெல்லாக் என்பது வேறொன்றுமில்லை, நம் ஊர் அரக்குதான். இப்போது உப்புத்தாளில் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, எழும்பி நிற்கும் நார்களை மறுபடி தேய்த்து, கணுக்களில் அரக்கு பூசிய பிறகுதான் பிரஷைத் தொடுகிறேன்.

பனியை வெறும் வெள்ளையில் வைக்காதீர்கள். நீலமும் துளி பழுப்பும் கலந்த சாம்பல் வெள்ளையை முதலில் ஒற்றி, அதன் மேல்விளிம்பில் மட்டும் சுத்த வெள்ளை. ஊசிக்கொத்துகளின் மேல்பக்கத்தில்தான் பனி தங்கும், அடியில் தங்காது.

நோவா ஸ்கோஷியாவின் மாட் லூயிஸ், 1970-இல் இறந்தவர், நிழலே இல்லாமல் பனிக்காட்சி வரைந்தவர். தன் ஒற்றை அறை வீட்டின் சுவர், கதவு, அடுப்பு எல்லாவற்றிலும் பூவும் பறவையும் வரைந்தார். அந்த வீடு இன்று முழுதாக ஹாலிஃபாக்ஸ் ஓவியக்கூடத்துக்குள் நிற்கிறது. நிழல் இல்லாமலும் அவர் மரங்கள் உயிரோடு இருக்கின்றன. அந்த மரங்களுக்கு நடுவிலேயே வாழ்ந்தவர் அவர். இடையில் வந்து சேர்ந்த எனக்குக் கையில் கிளை வேண்டியிருக்கிறது.

கடைசியாக வார்னிஷ். ஒரு நாளாவது காயவிட்டு, புட்டியைக் குலுக்காமல் மெதுவாகக் கலக்கி, மெல்லிதாக இரண்டு மூன்று கோட். குளிரான கராஜில் அடிக்காதீர்கள். சுமார் 10 டிகிரிக்குக் கீழே இந்தத் தண்ணீர் வார்னிஷ் சரியாகப் படலமாகாது; என் பலகை ஒன்று பால் படிந்ததுபோல மங்கிப்போனது அப்படித்தான்.

இந்த வருடம் சீடர் வரைகிறேன். அதில் ஊசி இல்லை. செதில் செதிலாகத் தட்டை விசிறி. லைனர் பிரஷ் அதற்கு உதவவில்லை. சின்னத் தட்டை பிரஷின் மூலையால் தொட்டுத் தொட்டு வைத்துப் பார்க்கிறேன். கிளை ஜன்னலோரம் தண்ணீர்க் கிளாஸில் இருக்கிறது, இன்னும் வாடவில்லை.