பலகையைப் பார்க்காதீங்க, பட்டியலைப் பாருங்க

போன தையில் அறுத்த சீரகச் சம்பாவுக்கு வெளியூர் வியாபாரி பூச்சிக்கொல்லி எச்சப் பரிசோதனை அறிக்கை கேட்டார். வாசலில் ‘என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்றது’ என்று பெரிய பலகை வைத்திருந்த ஓர் ஆய்வகத்தில் பணம் கட்டி வாங்கிக் கொடுத்தேன். மறுநாளே திருப்பி அனுப்பிட்டார். “சார், இவங்களுக்கு அங்கீகாரம் தண்ணி சோதனைக்குத்தான். அறிக்கையில முத்திரையே இல்லை பாருங்க.” காலமெல்லாம் வங்கியில் கையெழுத்துச் சரிபார்த்தவன் நான்!

அப்புறம்தான் விசாரித்தேன். குருகிராமில் இருக்கும் இந்த வாரியம், இந்தியத் தரக் கவுன்சிலின் ஓர் அங்கம். ஐ.எஸ்.ஓ. 17025 என்ற தரநிலைப்படி ஆய்வகங்களை எடை போடுகிறது. ஆய்வகம் முழுவதற்கும் மொத்தமாக அங்கீகாரம் கிடையாது. எந்தப் பொருளில், எதை, எந்த முறையில் அளக்கிறோம் என்று பட்டியல் போட்டு விண்ணப்பிக்க வேண்டும். ஆவணங்களைப் பார்த்தபின் அந்தத் துறை தெரிந்த மதிப்பீட்டாளர்கள் நேரில் வருவார்கள். பதிவேட்டைப் புரட்டுவதோடு விடமாட்டார்கள். ஊழியரைக் கண்ணெதிரே சோதனை செய்யச் சொல்வார்கள். குறைகளைச் சரிசெய்த பிறகே முடிவு. நம்ம வங்கி இன்ஸ்பெக்‌ஷனைவிடக் கறார்!

எனக்குப் பிடித்தது இன்னொன்று. ஒரே மாதிரியைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பி, விடையைச் சொல்லாமல் அளக்கவிட்டு ஒப்பிடுகிறார்கள். தராசும் சும்மா இல்லை. ரேஷன் கடைத் தராசுக்கு முத்திரை போடுகிற மாதிரி, அதை இன்னொரு அளவுத்திருத்த ஆய்வகம் சரிபார்க்கும். அதன் எடைக்கல்லை அதற்கு மேலே ஒன்று. அந்தச் சங்கிலி டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் வரை போகிறது. இவ்வளவு எதற்கு? ஐரோப்பாவில் தனி வரம்பு குறிக்காத மருந்துக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் எல்லை. ஒரு டன் அரிசியில் 10 மில்லிகிராம்! தராசு கொஞ்சம் பிசகினாலும் நம்ம பிழைப்பு போச்சு.

ஆகவே பணம் கட்டும் முன் வாரியத்தின் இணையதளத்தில் அந்த ஆய்வகத்தின் பட்டியலைத் திறந்து, அரிசியும் எச்சமும் இருக்கா, தேதி முடியலையா என்று பாருங்க. எத்தனை மருந்து, எந்த அளவு வரை கண்டுபிடிப்பீங்க என்றும் கேளுங்க. அது தெரியாமல் ‘கண்டறியப்படவில்லை’ என்றால் அர்த்தமில்லை. நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி என்றால், அந்தப் பொட்டலத்துக்கு மட்டும்தான் அவர்கள் பொறுப்பு. நான் இந்தத் தடவை கீரப்பாளையத்து வீட்டில் அடுக்கியிருந்த ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு கைப்பிடி எடுத்து, கலந்து, கட்டி அனுப்பியிருக்கிறேன்.