கொல்லைச் சீத்தாவைப் பறிக்கும் பக்குவம்

செம்பரம்பாக்கம் ஏரியை அடுத்த ஊர்களில் கொல்லைச் சீத்தா மரங்கள் ஆவணி முதல் ஐப்பசி வரை பலன் தரும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வலுத்துவிட்டால் முற்றிய காய்கள் மரத்திலேயே வெடித்து அழுகிப்போம். எஞ்சியவை அணிலுக்கும் வௌவாலுக்குமே. ஆகையால் மரத்திலேயே பழுக்கட்டுமென்று காத்திருத்தல் தகாது. தோலிலுள்ள கண்களின் இடைப்பள்ளம் அகன்று வெண்மஞ்சள் நிறங் கொண்டதும், காம்பு சிறிது ஒட்டியிருக்கக் கத்தரித்து, வைக்கோலிற் பரப்பி வைக்க வேண்டும். 3, 4 நாட்களில் கனியும். பள்ளம் வெளுக்குமுன் அவசரப்பட்டுப் பறித்த காயோ கல்லாகவே கிடந்து கறுத்துவிடும். கனியாத காயைக் குளிர்ப்பெட்டியில் வைப்பதும் அத்தகைய கேடே. தின்றபின் விதைகளைப் புதைத்துவிடுதல் நலம். அவற்றைப் பொடித்துப் பேனுக்கெனத் தலையில் தேய்ப்போர் இன்றும் உளர். அப்பொடி கண்ணிற் பட்டால் கருவிழி புண்ணாகும்.