ஆர்க்கிடெக்ட்டை எங்கிருந்து எடுப்பது?

திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம் ஒரு பெண் கருவுற்றால் கிராம சுகாதார செவிலியர் முதலில் போடுவது ‘பிக்மி’ என்கிற கர்ப்பப் பதிவு. அந்த 12 இலக்க எண் பிறப்புச் சான்றிதழ் வரை கூடவே வரும். அதே வீட்டு மாமியாருக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தன்னார்வலர் வந்து பி.பி., சுகர் பார்த்து வேறொரு செயலியில் ஏற்றுகிறார். காப்பீட்டு அட்டை எண் தனி. மத்திய அரசின் ‘ஆபா’ சுகாதாரக் கணக்கு எண்ணுக்கு 14 இலக்கம். ஜி.எச். போனால் ஓ.பி. சீட்டில் இன்னொன்று.

ஒரே வீட்டில் இத்தனை எண்கள் இருப்பதற்கு மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறை இயக்குநரகத்தின் கையில். தாலுகா மருத்துவமனைகள் ஊரக நலப்பணிகள் இயக்குநரகத்தின் கையில். திண்டுக்கல் தலைமை மருத்துவமனையோ, 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்ததால் மருத்துவக் கல்வி இயக்குநரகத்துக்குப் போய்விட்டது. அங்கிருந்து மதுரை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினால் நோயாளி கையில் போவது பெரும்பாலும் காகிதம்தான். இந்த மூன்று இயக்குநரகங்களையும் ஒரே நோயாளி எண்ணுக்குச் சம்மதிக்க வைப்பவரே சுகாதாரத் துறைக்குத் தேவையான என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட்.

இந்த வேலைக்குப் பெரிய ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தினால் ஆள்பலம் கிடைக்கும், அறிக்கை அழகாக வரும். ஆனால் திட்டம் வரைகிறவரே நாளைக்கு மென்பொருள் விற்கவும் வந்தால், வரைபடம் அவர் சரக்குக்கு ஏற்றபடிதான் வளையும். பிரிட்டன் 2002-ல் பெரிய நிறுவனங்களிடம் மொத்தமாக ஒப்படைத்துத் தொடங்கிய தேசிய மருத்துவக் கணினித் திட்டத்தை 2011-ல் கலைத்தது. மருத்துவமனைகளைக் கேட்காமல் மென்பொருளை மேலிருந்து வாங்கிக் கொடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

தேசிய தகவலியல் மையம், தமிழ்நாடு மின் ஆளுமை முகமை போன்ற அரசு அமைப்புகளில் செலவு குறைவு, தரவும் அரசிடமே இருக்கும். ஒரே ஆள் பத்துத் துறைக்குப் பார்ப்பார் என்பதுதான் சங்கடம். மாற்றலாகிப் போனால் அடுத்தவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

என் ஓட்டு, தனி ஆளை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் துறைக்குள்ளேயே உட்கார வைப்பதற்குத்தான். ஆளைத் தேட குறைந்த விலை டெண்டர் வேண்டாம். தார் ரோட்டுக்கு அது சரி. நேர்காணலில், மருத்துவத் தரவைப் பரிமாறும் எஃப்.எச்.ஐ.ஆர். தரநிலை பற்றிக் கேளுங்கள், தப்பில்லை. தேர்ந்த கணினிக்காரர் அதைச் சீக்கிரமே படித்துவிடுவார். அதைவிட, வேடசந்தூர்ப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு காலை ஓ.பி. முழுக்க உட்காரச் சொல்லுங்கள். செவிலியர் ஒரே பி.பி. அளவை நோட்டிலும் போனிலும் இரண்டு தடவை எழுதுவதை அவர் கவனித்தாரா? சிறுமலை அடிவாரத்தில் சிக்னல் போனால் பதிவு என்னாகும் என்று தானாகவே கேட்டாரா? எந்தச் செயலியை நிறுத்தலாம் என்று சொல்லத் துணிந்தாரா? புதிதாக ஒன்றைச் சேர்க்க மட்டுமே தெரிந்தவரை அனுப்பிவிடலாம்.

ஒப்பந்தத்தில் சில வரிகளை விடக் கூடாது. அவர் சுகாதாரத் துறைச் செயலருக்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும். ஏதாவது ஓர் இயக்குநரகத்துக்குக் கீழே வைத்தால் மற்ற இரண்டும் கதவைத் திறக்காது. அவரோ அவர் சார்ந்த நிறுவனமோ இத்திட்டத்தின் எந்த டெண்டரிலும் கலந்துகொள்ளக் கூடாது. வரைபடங்கள், தரவு விளக்கங்கள் எல்லாம் ஒவ்வொரு காலாண்டும் துறையிடம் வந்து சேர வேண்டும். சேர்ந்த பிறகே அந்தக் காலாண்டின் கடைசித் தவணை.