முதல் சிற்றலை வானொலிப் பெட்டி

நுழையும்முன்

தொலைவிலுள்ள நாடுகளின் குரலைக் கோபுரமோ இணையமோ இன்றி வானத்தின் வழியே கொண்டுவந்து சேர்ப்பது சிற்றலை வானொலி. அக்குரலைக் கேட்பதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. தெளிந்த தேர்வே தேவை. குறைந்த செலவில் முதல் வானொலிப் பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

அரியலூர் மாவட்டம் கங்கைகொண்ட சோழபுரத்தைச் சூழ்ந்துள்ள ஊர்களில் முந்திரித் தோப்புகள் மிகுதி. கோடை விடுமுறையில் முந்திரிக்கொட்டை பொறுக்கிச் சிறுதொகை சேர்த்த மேல்நிலை வகுப்பு மாணவி ஒருத்தி, அத்தொகையில் சிற்றலை வானொலிப் பெட்டி வாங்க விரும்புகிறாள் எனக் கொள்ளலாம். இலங்கை வானொலியின் தமிழ்ப் பாடல்களைக் கேட்டு வளர்ந்த அவளுடைய தாத்தா சொன்ன கதைகளே அவ்விருப்பத்திற்குக் காரணம். தேர்வு தவறினால் அடுத்த கோடைவரை வேறு பெட்டி வாங்க வழியில்லை. ஆகவே, கடைத்தெருவுக்குச் செல்லும் முன்னரே அவள் விடை காணவேண்டிய வினாக்கள் சில உள்ளன.

எதைக் கேட்பதற்கு?

முதல் வினா இதுவே. தமிழ் ஒலிபரப்பின் வரலாறு இதற்கு விடை தருகிறது. 1924-ஆம் ஆண்டு சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றியது. 1925-இல் கொழும்பு வானொலி தொடங்கியது. 1939-இல் திருச்சிராப்பள்ளி நிலையம் திறக்கப்பட்டது. இலண்டனிலிருந்து பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு 1941-இலும், சீனாவிலிருந்து தமிழ் ஒலிபரப்பு 1963-இலும் தொடங்கின. தமிழக நேயர்கள் அவற்றைக் கேட்டுக் கடிதங்கள் எழுதினர். நேயர் மன்றங்களும் அமைத்தனர்.

அந்நிலை இன்று மாறிவிட்டது. பிபிசி தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாளோடு நிறைவுற்றது. வேறு பல நாடுகளும் தம் சிற்றலைச் சேவைகளைக் குறைத்துக்கொண்டன. தாத்தா கேட்ட அதே தமிழ் வானத்தை எதிர்பார்த்துப் பெட்டி வாங்குபவர் ஏமாற்றம் அடைவர். இன்று சிற்றலையில் மிகுதியாகக் கேட்பவை ஆங்கிலமும் சீனம் முதலிய ஆசிய மொழிகளுமே. தமிழ் நிகழ்ச்சிகளே முதன்மை நோக்கம் எனின், பெட்டியில் மத்திய அலையும் நன்கு இயங்கவேண்டும். திருச்சிராப்பள்ளி நிலையத்தின் 936 கிலோஹெர்ட்ஸ் என்னும் எண் இப்பகுதி மக்களுக்கு நெடுங்காலமாக அறிமுகமானது.

வானத்தின் பருவம்

இராசேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மீது கடற்படையைச் செலுத்தினான். அக்காலக் கலங்கள் பருவக்காற்றை எதிர்நோக்கியே புறப்பட்டன. சிற்றலைக்கும் அவ்வாறே பருவமும் பொழுதும் உண்டு. 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இவ்வலைகள், நிலத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டருக்கு மேலுள்ள அயனி மண்டலத்தால் வளைக்கப்பட்டு மீண்டும் நிலத்தை வந்தடைகின்றன. பகலில் அம்மண்டலத்தின் அடியடுக்கு தாழ்ந்த அதிர்வெண் அலைகளை விழுங்கிவிடுகிறது. கதிரவன் மறைந்தபின் அவ்வடுக்கு மெலிவதால் அவை தொலைதூரம் செல்கின்றன. எனவே, பகலில் 15 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பட்டைகளையும், இரவில் 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள பட்டைகளையும் முதலில் தேடுவது நன்று.

300 என்னும் எண்ணை மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 7.3 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் நிலையம் 41 மீட்டர் பட்டையில் அமைவது இக்கணக்கினால்தான். 49, 41, 31, 25, 19 மீட்டர் பட்டைகள் அமையப்பெற்ற பெட்டியே தொடக்கநிலை நேயருக்குப் போதுமானது.

பெட்டியில் காணவேண்டியவை

மலிவான பெட்டிகள் பலவற்றின்மீது பட்டைகளின் எண்ணிக்கை பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். ஒரே சிற்றலைப் பரப்பைப் பல துண்டுகளாக்கி எண்ணிக் காட்டுவதும் உண்டு. எண்ணிக்கை மிகுந்தால் திறன் மிகும் என்பது பொருளன்று. விளக்கு, நினைவட்டை, புளூடூத் ஆகியவை சேர்ந்த பெட்டியில், அவற்றுக்கான செலவு போக அலைவாங்கும் பகுதிக்கு எஞ்சுவது சிறிதாகவே இருக்கக்கூடும்.

காணவேண்டிய பண்புகள் இரண்டு. மெலிந்த அலையையும் பற்றுவது உணர்திறன். அடுத்தடுத்து நெருங்கி நிற்கும் நிலையங்களைப் பிரித்தறிவது தேர்திறன். சிற்றலையில் நிலையங்கள் 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியிலும் நிற்பதால், தேர்திறன் குறைந்த பெட்டியில் இரு மொழிகள் ஒன்றாகக் கலந்து ஒலிக்கும். முள் நகரும் பெட்டியைவிட அதிர்வெண்ணை எண்ணாகக் காட்டும் பெட்டி புதியவருக்கு ஏற்றது. நேற்றுக் கேட்ட நிலையத்தை இன்றும் அதே இடத்தில் தேடிக் கண்டடைய அவ்வெண் உதவும். செவிப்பொறி செருகும் துளையும், எங்கும் கிடைக்கும் மின்கலத்தால் இயங்கும் வசதியும் வேண்டும். 2018-ஆம் ஆண்டு கஜா புயலுக்குப்பின் காவிரிப் படுகையில் பல ஊர்கள் பல நாள்கள் மின்சாரமின்றித் தவித்தன. மின்கலத்தால் இயங்கும் வானொலியின் அருமை அத்தகைய நாள்களிலேயே புலப்படும்.

> தெரிந்து தெளிவோம்
>
> 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது அந்தமானில் தொடர்புகள் அறுந்தன. அப்போது அங்கிருந்த பாரதி பிரசாத் முதலிய அமெச்சூர் வானொலியாளர்கள் சிற்றலை வழியே செய்திகளை வெளியுலகுக்கு அனுப்பினர். இத்தகையோரின் பேச்சு பெரும்பாலும் ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் அமையும். எளிய பெட்டியில் அது பொருள் விளங்காத ஒலியாகவே கேட்கும். அதனைக் கேட்க விரும்புவோர் அவ்வசதி உடைய பெட்டியை வாங்கவேண்டும். அதற்கு விலை சற்றுக் கூடும்.

பரணில் உள்ள பெட்டி

வீட்டில் பழைய பெட்டி கிடப்பின், புதியது வாங்குமுன் அதனை இறக்கிப் பார்ப்பது அறிவுடைமை. மின்கலம் கசிந்து துருவேறிய தகடுகள், கரகரக்கும் ஒலிக்குமிழ், அறுந்த முள்கயிறு ஆகியவை பழுதுபார்ப்பவர் எளிதில் சீராக்கும் குறைகளே. பழம்பெட்டியை விலைக்கு வாங்குவோர் மின்கல அறையைத் திறந்து பார்த்தும், பட்டை மாற்றும் விசையைப் பலமுறை திருப்பியும், நீட்டுக்கம்பி உறுதியாக நிற்கிறதா என ஆராய்ந்தும் வாங்குதல் வேண்டும்.

கடைக்குள் நின்று சிற்றலையைச் சோதிப்பது பயனற்றது. இரும்புக் கதவும் மின்விளக்குகளும் இரைச்சலைப் பெருக்கும். கடைக்காரரிடம் இசைவு பெற்று, மாலைப்பொழுதில் திறந்தவெளியில் பெட்டியை இயக்கிப் பார்க்கலாம். இரண்டு பெட்டிகளை ஒரே நிலையத்தில் வைத்து ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும்.

கம்பியும் காதும்

கையிலுள்ள தொகை முழுவதையும் பெட்டிக்கே செலவிடுதல் கூடாது. ஒரு பகுதியை மின்கலத்திற்கும் கம்பிக்கும் ஒதுக்கவேண்டும். ஐந்து முதல் பத்து மீட்டர் நீளமுள்ள உறையிட்ட செம்புக்கம்பியை வேப்பமரத்திலிருந்து சன்னல்வரை கட்டி, அதன் முனையைப் பெட்டியின் நீட்டுக்கம்பியோடு இணைத்தால் மெலிந்த குரலும் வலுப்பெறும். மிக நீண்ட கம்பி எளிய பெட்டியைத் திணறச் செய்யும்; ஒரு நிலையமே பல இடங்களில் ஒலிக்கத் தொடங்கும். மின்கம்பிகளுக்கு அருகிலோ மேலோ இதனைக் கட்டுதல் உயிருக்கு ஊறு விளைக்கும். இடிமின்னலின் அறிகுறி தோன்றுமுன்னரே கம்பியைப் பெட்டியிலிருந்து நீக்கிவிடவேண்டும்.

இரைச்சலைக் குறைப்பதற்குச் செலவே இல்லை. கைப்பேசி மின்னேற்றி, எல்.இ.டி. விளக்கு, தொலைக்காட்சி ஆகியவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் இரைச்சலின் மூலம் தெரியவரும். மின்சாரம் நின்றுபோன இரவில் சிற்றலை மிகத் தெளிவாகக் கேட்பதன் காரணமும் இதுவே.

நிலையங்கள் ஆண்டுக்கு இருமுறை, மார்ச், அக்டோபர் மாதங்களின் இறுதி ஞாயிறுகளில் தம் அலைவரிசைப் பட்டியலை மாற்றுகின்றன. பட்டியலில் உள்ள உலகப் பொதுநேரத்தோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் இந்திய நேரம் கிடைக்கும். நாள், நேரம், அதிர்வெண், மொழி, ஒலியின் தெளிவு ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவருபவருக்குச் சில திங்களில் வானத்தின் போக்கு பிடிபட்டுவிடும்.

நிறைவாக

மாணவி பரணிலிருந்து இறக்கிய பழம்பெட்டி சிறுசெலவில் பேசத் தொடங்கினால், அவளுடைய கோடைக்கால உழைப்பின் பெரும்பகுதி கையிலேயே தங்கும். அது சீராகாவிடில், விளக்கும் ஆரவாரமும் இல்லாத எளிய பெட்டி ஒன்றே போதும். எவ்வாறாயினும், தாத்தா கேட்ட குரல்கள் அனைத்தும் திரும்பக் கிடைப்பதில்லை. ஆயினும், ஒரே நிகழ்வை ஒரு நாடு ஒருவகையாகவும் மற்றொரு நாடு வேறுவகையாகவும் கூறுவதை அவள் ஒரே இரவில் கேட்டுவிட முடியும். சொல்பவர் யார், எங்கிருந்து சொல்கிறார் என்று வினவும் பழக்கம் அப்போது பிறக்கிறது. அப்பழக்கத்தைப் பெறுவதற்கு விலையுயர்ந்த பெட்டி வேண்டியதில்லை. பொறுமையுள்ள காது வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் உள்ள முதியோரிடம் அவர்கள் கேட்ட வானொலி நிகழ்ச்சிகளைப் பற்றி உரையாடி, குறிப்பெடுத்து வகுப்பில் பகிர்க.
2. 9.6, 11.9, 15.4 மெகாஹெர்ட்ஸ் ஆகியவற்றின் அலைநீளத்தைக் கணக்கிட்டு, அவை எந்தெந்தப் பட்டைகளில் அமையும் எனக் காண்க.
3. ஒரு செய்தியை இருவேறு ஊடகங்களில் கேட்டு, அவை கூறும் முறையில் உள்ள வேறுபாடுகளை அட்டவணைப்படுத்துக.