குளிரூட்டி தரும் வெம்மை

நீர் பள்ளத்தை நாடும். வெப்பம் குளிர்ந்த இடத்தை நாடும். நீரை மேட்டுக்கு ஏற்ற எக்கி உதவுவதுபோல, குளிர்ந்த வெளியிலிருந்து வெப்பத்தை வீட்டினுள் ஏற்றவும் கருவி உண்டு. பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பெயர்பெற்ற வில்லியம் தாம்சன், 1852ஆம் ஆண்டிலேயே இக்கருத்தை முன்வைத்தார்.

ஜப்பானிய இல்லங்களில், கோடையில் குளிரூட்டும் கருவியே குளிர்காலத்தில் எதிர்த்திசையில் இயங்கி அறையை வெம்மையாக்குகிறது. அது வெப்பத்தை உண்டாக்குவதில்லை. குளிர்காற்றில் எஞ்சியுள்ள வெப்பத்தைக் கவர்ந்து வருகிறது. ஆதலால், 1 அலகு மின்சாரத்திற்கு 3 அலகு வெப்பம்கூடக் கிடைக்கும். வெளியே குளிர் மிகுந்தால் இப்பயன் குறையும்.

2005இல் தொடங்கிய ‘வார்ம் பிஸ்’ இயக்கத்தின்வழி, அறை வெப்பநிலையை 20 டிகிரி செல்சியசில் வைத்துக் கூடுதல் ஆடை அணியுமாறு அந்நாட்டு அரசு அறிவுறுத்தியது. வெம்காற்று மேலெழும் இயல்புடையது. எனவே, காற்று வெளிவரும் திசையைக் கீழ்நோக்கித் திருப்புதல் வேண்டும். வடிகட்டியில் படியும் தூசியையும் வெளிப்புறப் பெட்டியை மூடும் பனியையும் அகற்றுதல் வேண்டும். இடையிடையே வெம்காற்று சில நிமிடங்கள் நிற்பது பழுதன்று. வெளிப்பெட்டியில் படிந்த உறைபனியைக் கருவி அப்போது தானே உருக்குகிறது.

கருவியின் இயல்பறிந்து இயக்குவோர் மின்கட்டணத்தோடு, அம்மின்சாரத்திற்காக எரியும் நிலக்கரியையும் எரிவாயுவையும் சேமிக்கின்றனர்.